பாய்மரத்துக்கு நான்கு சொல்

அன்று அந்தத் திரையிடல் அறையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: பெரியவர், அவருடைய தம்பியின் மனைவி, படப்பிடிப்பு வட்டாரத்தில் பஞ்சு என்று அழைக்கப்படும் தம்பியின் மகள், புதுப் படத்தின் இயக்குநர், அதன் ஒளிப்பதிவாளர், பேச வந்திருந்த சினிமா விமர்சகர், இரண்டு பத்திரிகைக்காரர்கள், கண்ணாடி ஜன்னலுக்கு அப்பால் படம் ஓட்டுகிறவர். வேறு ஒருவரும் இல்லை. பின்னால் ஊரில் பாதிப் பேர் தாங்களும் அங்கே உட்கார்ந்திருந்ததாகவும், விஷயம் தங்களுக்கு அப்போதே புரிந்துவிட்டதாகவும் சொல்லித் திரிந்தார்கள். அந்த அறையில் இருந்ததே இரண்டு வரிசை நாற்காலிதான்.

பெரியவர் முன்வரிசையில், நாற்காலி முதுகில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். சாய்ந்து உட்காருவது அவருக்குப் பழக்கமில்லை. மூன்று தலைமுறையாகச் சினிமாவில் விழுந்து பிழைத்த குடும்பம் அது. கதாநாயகன் மாடியிலிருந்து விழ வேண்டுமென்றால் அவனுடைய சட்டையை மாட்டிக்கொண்டு இந்த வீட்டு ஆள் ஒருவர் விழுவார். கைதட்டல் கதாநாயகனுக்குப் போகும். சுளுக்கு இந்த வீட்டுக்கு வரும். அதை அவர்கள் ஒரு குறையாக வெளியில் சொன்னதில்லை. "நம்ம மூஞ்சிய யாரும் பாக்கலடா. ஆனா நம்ம முதுக எல்லாரும் பாத்திருக்காங்க" என்பார் பெரியவரின் அப்பா.

அந்த அப்பாதான் கழுகு மாஸ்டர். பட்டப்பெயர் ஒரு கடற்கொள்ளைக்காரன் கதையால் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போன எல்லாருக்கும் தெரிந்த நாவல்தான். கூடப்பிறந்தவனைப் போல வைத்திருந்த துணைத்தலைவனே காட்டிக்கொடுக்க, கப்பல் தீப்பிடிக்க, பிடிபட மனமில்லாத கப்பல் தலைவன் பாய்மரத்தின் உச்சியில் ஏறிக் கைகளை விரித்துக் கடலில் விழுகிறான். புத்தகத்தில் அதற்கு ஒரே ஒரு வரி. கறுப்பு வெள்ளையில் எடுத்த முதல் படத்தில் அந்த ஒரு வரியை விழுந்து காட்டியவர் கழுகு மாஸ்டர். தலை கீழாக, கழுகு இறங்குவது போல இறங்கி, கப்பலின் கைப்பிடிச் சுவரைத் தாண்டும் நேரத்தில் உடம்பைப் புரட்டி மல்லாந்து விழுந்தார். கீழே கடல் இல்லை. அட்டைப்பெட்டிகளும் பழைய மெத்தைகளும் இருந்தன. அந்த விழுகையின் புகைப்படம் சண்டைக் கலைஞர்கள் சங்கத்தின் கூடத்தில் இன்றும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

அதே நாவலை இரண்டாவது முறை வண்ணத்தில் எடுத்தபோது, அதே பாய்மரத்திலிருந்து பெரியவரின் தம்பி விழுந்தார். அவர் எழுந்திருக்கவில்லை. இப்போது மூன்றாவது படம். மறுநாள் காலை, அதே உயரத்துக்குக் கட்டிய புதுப் பாய்மரத்திலிருந்து விழப்போகிறவள் அந்தத் தம்பியின் மகள் பஞ்சு. இடுப்பில் கம்பி கட்டாமல் விழப்போகிறாள். கம்பி வேண்டாம் என்று சொன்னவர் பெரியவர்தான். "எங்க வீட்டுல கம்பி கட்டிக்கிட்டு விழற பழக்கம் கெடையாது. கம்பியில தொங்கறது துணி" என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். அதை அவர்கள் பெரிய எழுத்தில் போட்டார்கள். கம்பி கட்டுகிற ஆட்களை இயக்குநர் திருப்பி அனுப்பிவிட்டார்.

உயரத்திலிருந்து விழுகிறவனுக்குக் கண் உதவாது. எல்லாம் ஒரே கலங்கலாகத் தெரியும். அதனால் இந்த வீட்டில் சொல் எண்ணி விழுவார்கள். கால் பலகையை விட்டதும் வாய்க்குள் 'அப்பா' என்று தொடங்க வேண்டும். ஒரு மாடி உயரம் என்றால் அந்தச் சொல்லிலேயே புரள வேண்டும். இரண்டு மாடி என்றால் 'அம்மா'வில். பாய்மரத்துக்கு நான்கு சொல்: அப்பா, அம்மா, அண்ணன், தம்பி. 'தம்பி'யில் புரள வேண்டும்.

பாய்மரத்துக்கு நான்கு என்பதைக் கழுகு மாஸ்டர் தம் வாயால் சொல்லவில்லை. அவர் எதையுமே வாயால் சொல்லுகிறவர் அல்ல. கேட்டால், "பாத்துக் கத்துக்கோ" என்பார். அவர் காலமான பிறகு மகன்கள் இருவரும் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, அவர் புரளும் இடம் வரை எண்ணினார்கள். நான்காவது சொல்லில் கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. இரண்டு மாடிக்கு இரண்டு சொல், நான்கு மாடி உயரத்துக்கு நான்கு சொல். கணக்கு எங்கும் உதைக்கவில்லை. முழு உயரத்திலிருந்து விழுந்து சரிபார்க்கலாமே என்றால், அது இந்த வீட்டில் கூடாது. பாதி உயரத்திலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் ஒத்திகை பார்க்கலாம். முழு உயரம் கேமராவுக்கு முன்னால் ஒரே ஒரு தடவை. உடம்புக்குப் பயத்தைக் கற்றுக்கொடுக்கக் கூடாது என்பது கழுகு மாஸ்டர் வைத்துவிட்டுப் போன சட்டம்.

தம்பி விழுந்த அன்று பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றவர் பெரியவர். தம்பி உரக்க எண்ணுகிற பழக்கம் உள்ளவர். அப்பா, அம்மா, அண்ணன் என்று மூன்று சொல்லும் கேட்டன. நான்காவது கேட்கவில்லை. "பயந்துட்டான். சொல்ல இழுத்துட்டான்" என்று பெரியவர் அந்த இடத்திலேயே, உடம்பை எடுக்கும் முன்பே, சொன்னார். அதுவே குடும்பத்தின் தீர்ப்பாக நிலைத்துவிட்டது. அப்பாவின் எண்ணிக்கையில் பிழை இருக்க முடியாது. ஆகவே பிழை தம்பியுடையது.

தம்பியின் மனைவி அப்போது கைக்குழந்தையோடு ஓடி வந்துகொண்டிருந்தாள். அந்த வார்த்தை அவள் காதில் விழுந்தது. அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினாள். ஒரே வீட்டில் அவர் மாடியிலும் அவள் கீழேயும் இருந்தார்கள். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் நடுவில் ஓர் ஆளை வைத்துச் சொல்வாள். ஆள் கிடைக்காவிட்டால் சுவரைப் பார்த்துச் சொல்வாள். குழாய் ரிப்பேர் முதல் மகளின் கல்லூரிப் படிப்பு வரை எல்லாம் சுவர் வழியாகவே முடிவாகியிருந்தன.

அன்றும் அப்படித்தான். விளக்கை அணைத்ததும், "உங்க பெரியப்பாவக் கொஞ்சம் சாஞ்சு உக்காரச் சொல்லு. பாதித் திரைய அவர் தலையே மறைக்குது" என்றாள் மகளிடம்.

"நீயே சொல்லேன்மா. கைக்கெட்டற தூரத்துலதானே இருக்காரு."

"எனக்குத் திரை வேணாம்."

பெரியவர் கேட்டும் கேளாதவர் போல அப்படியே இருந்தார்.

விமர்சகர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் நின்றார். பேச்சில் சளைக்காதவர். ஒரு நாவல் மூன்று படமாகும்போது என்ன ஆகிறது என்பதை மாலைக்குள் சொல்லி முடிக்க வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"நாவல்ல அந்தத் துணைத்தலைவன் ஏன் காட்டிக்கொடுத்தான்னு கடைசி வரைக்கும் சொல்ல மாட்டாங்க. அதுதான் புத்தகத்தோட பலம். முதல் படமும் சொல்லல. காட்டிக்கொடுத்துட்டு அவன் பாட்டுக்குக் கயிறு சுத்திக்கிட்டு உக்காந்திருப்பான். பாக்கறவன் வயித்தக் கலக்கும். ரெண்டாவது படத்துல இவங்களுக்குப் பொறுக்கல. காரணம் வேணும்னு ஒரு பொண்ணக் கொண்டுவந்துட்டாங்க. கப்பல் எரியும்போது அந்தப் பொண்ணு ஒரு முழுப் பாட்டுப் பாடுது. மூச்சு முட்டல."

"நாங்க அந்தப் பொண்ணையே கப்பல் தலைவி ஆக்கிட்டோம். யாரும் யாருக்காகவும் பாட வேண்டியதில்ல" என்றார் இயக்குநர்.

பெரியவருக்குக்கூட உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. இரண்டாவது படத்தின் கடற்போரில் அவர் மூன்று தடவை செத்திருந்தார், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு தாடியோடு. பீரங்கிகள் எல்லாம் கறுப்புச் சாயம் அடித்த வடிகால் குழாய்கள். ஆனால் அந்தப் படத்தை அவர் திரையில் பார்த்ததில்லை. அந்த வீட்டில் யாருமே பார்த்ததில்லை. தம்பி விழுந்த காட்சியைத் தயாரிப்பாளர் வெட்டாமல் வைத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, அந்தப் படத்தின் பேரைக்கூட வீட்டில் எடுப்பதில்லை.

விமர்சகர் தொண்டையைக் கனைத்தார். "இப்ப ரெண்டு விழுகையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலாம்."

இயக்குநர் தம்பி மனைவியின் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "அது இன்னிக்கு வேணாமே சார்" என்றார்.

"போடச் சொல்லு" என்றாள் அவள் மகளிடம். "ஊரே டிக்கெட் வாங்கிப் பாத்ததுதானே. நான் ஒருத்திதான் பாக்கல."

திரை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் கறுப்பு வெள்ளையில் அப்பா. வலப்பக்கம் வண்ணத்தில் தம்பி. பாய்மரம் ஒன்றுதான். முதல் படத்துக்குக் கட்டிய கப்பலையே புதுச் சாயம் அடித்து இரண்டாவதற்கும் வைத்துக்கொண்டார்கள். அந்தச் சாயத்தில் ஒரு வாளி பெரியவர் கையால் பூசியது. விமர்சகர் இரண்டு காட்சிகளையும் கால் பலகையை விடும் இடத்திலிருந்து சேர்ந்தாற்போல ஓடும்படி கோத்திருந்தார்.

நான்கு கால்களும் ஒன்றாகப் பலகையை விட்டன. பெரியவரின் வாய் தன்னால் எண்ணத் தொடங்கியது. அப்பா. அம்மா. அண்ணன் என்று நாக்கு மடங்கி எழும்போது, வலப்பக்கத்தில் தம்பி கைப்பிடிச் சுவரைத் தாண்டிவிட்டான். தலை கீழாகவே தாண்டினான். உடனே காட்சி கடலுக்கு மாறி, அங்கே வெறும் அலைதான் இருந்தது. இடப்பக்கத்தில் அப்பா இன்னும் நடுமரத்தில், கைகளை விரித்தபடி, சாவகாசமாக இறங்கிக்கொண்டிருந்தார். 'தம்பி' என்று முடித்தபோதுதான் அவர் புரண்டார்.

"பாத்தீங்களா?" என்றார் விமர்சகர். "பழைய இயக்குநருக்கு அவசரமே இல்ல. சாவுக்கு ஒரு மரியாதை குடுக்கறாரு. பறவை எறங்கற மாதிரி எறக்கறாரு. ரெண்டாவது ஆளுக்கு அந்தப் பொறுமை இல்ல. கல்லப் போட்ட மாதிரி போட்டுட்டு வெட்டிடறாரு. புத்தகத்துல ஒரே வரிதான், ஆனா ரெண்டு படத்துக்கும் மனசு வேற."

"இன்னொரு தடவ போடுங்க" என்றார் பெரியவர்.

போட்டார்கள். மறுபடியும் வலப்பக்கம் மூன்றாவது சொல்லில் காலியாயிற்று. அதே மரம், அதே உயரம். ஒரு மனிதன் மூன்று சொல்லில் கீழே போகிறான். இன்னொரு மனிதன் நான்கு சொல் முடிந்தும் கைப்பிடிச் சுவரின் உயரத்தில் இருக்கிறான். தம்பி மனைவி கைப்பையை மடியில் அழுத்திப் பிடித்தபடி, வெறும் அலை ஓடிக்கொண்டிருந்த வலப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்குப் போட்டதும் பத்திரிகைக்காரர்கள் பஞ்சுவையும் இயக்குநரையும் படம் பிடிக்க வெளியே அழைத்துப் போனார்கள். பெரியவர் ஒளிப்பதிவாளரை ஒரு மூலைக்குக் கூட்டிப்போய், வானிலை கேட்பது போலக் கேட்டார்: "அந்தப் பழைய படத்துல எங்கப்பா ஏன் மெதுவா விழறாரு?"

"கேமராவ வேகமா ஓட்டி எடுத்திருக்காங்க மாஸ்டர். அப்பல்லாம் கப்பல் காட்சின்னா அப்படித்தான். திரையில கொஞ்சம் மெதுவா, கனமாத் தெரியும். கொடியப் பாத்தீங்கள்ல, தண்ணிக்குள்ள ஆடற மாதிரி ஆடுது. ரெண்டாவது படத்துல அதெல்லாம் பண்ணல, சாதா வேகம்தான்." அவர் ஏன் இதைக் கேட்கிறார் என்று ஒளிப்பதிவாளருக்கு விளங்கவில்லை. "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"ஆமா. தெரிஞ்சதுதான்" என்றார் பெரியவர்.

மெதுவாக ஓடும் காட்சியை அவர்கள் அறியாதவர்கள் அல்ல. ஆனால் அது கனவுக்கும் காதல் பாட்டுக்கும் உரியது என்று நினைத்திருந்தார்கள். அப்பா விழுந்ததில் அப்படி ஒன்று கலந்திருக்கும் என்று சந்தேகப்படுவதே அந்த வீட்டில் மரியாதைக் குறைவு. விழுகிற அப்பாவுக்கும் அது தெரிந்திருக்காது. கேமரா என்ன வேகத்தில் ஓடுகிறது என்று விழுகிறவனிடம் யார் சொல்லப்போகிறார்கள்? அவர் உடம்பு சொன்ன இடத்தில் புரண்டார், பிழைத்தார். 'அண்ணன்' தொடங்கும் இடமாக அது இருந்திருக்க வேண்டும். தம்பி அவர்கள் எண்ணி வைத்ததை நம்பி, சொல் பிசகாமல், நிதானமாக எண்ணிக்கொண்டே போயிருக்கிறான். நான்காவது சொல் வருவதற்குள் தரை வந்துவிட்டது.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பத்தடி தூரத்தில் பஞ்சு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவளுக்கு இரு பக்கமும் பத்திரிகைக்காரர்கள் நின்றார்கள். இவர் வாயைத் திறந்தால் மறுநாளே ஊர் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிடும். கழுகு பறக்கவில்லை, கேமராதான் பறந்தது என்று எழுதுவார்கள். சங்கத்துக் கூடத்தில் மாட்டியிருக்கிற படத்தைக் காட்டி நேற்றுச் சேர்ந்த பையன்கள் சிரிப்பார்கள். அவளிடம் தனியாகச் சொல்லி ஒரு சொல்லைக் குறைத்துவிட்டால் காதும் காதும் வைத்தாற்போல முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டார். அன்று வீட்டில் அவள் கீழே, தாயோடு இருந்தாள். தாயின் எதிரில் அந்தப் பேச்சை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்.

காலையில் ஒப்பனை அறையில் பஞ்சு கப்பல் தலைவியின் கறுப்பு அங்கியில் நின்றாள். உடைக்கார அம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு முதுகுப் பக்கம் இழுத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"பஞ்சு, இன்னிக்கு அண்ணன்னு ஆரம்பிக்கும்போதே புரண்டுடு."

அவள் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். "ஏன் பெரியப்பா?"

"சொல்றேன்ல."

"நாலு சொல்லு, நாலு சொல்லுன்னு சோறு ஊட்டும்போதே சொன்ன வீடு இது. இப்ப மூணுங்கறீங்க."

"காத்து மெத்தை கொஞ்சம் உசரமா இருக்கு. அதுக்குத்தான்."

"மெத்தை உசரத்தையும் சேத்துத்தான் மரத்தக் கட்டியிருக்காங்க. நான் அளந்து பாத்துட்டேன்."

"பெரியவங்க ஒண்ணு சொன்னா காரணம் இல்லாம இருக்காது."

"அந்தக் காரணத்தத்தான் கேக்கறேன்."

அவர் உடைக்கார அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா குண்டூசிகளோடு வாயை இறுக்க மூடிக்கொண்டாள். ஆனால் காதை மூடிக்கொள்ளவில்லை. பெரியவர் சொல்ல வந்ததை மென்று விழுங்கினார். "அப்புறம் சொல்றேன்."

பஞ்சுவின் முகம் சுண்டிவிட்டது. "வேணாம், எனக்கே தெரியும். பயந்தவர் பெத்த பொண்ணு, கடைசி நேரத்துல இவளும் சொல்ல இழுத்துடுவான்னு பயப்படறீங்க. அதான் ஒரு சொல்லக் கழிச்சுத் தர்றீங்க, சின்னப் புள்ளைக்கு ஆட்டத்துல விட்டுக்குடுக்கற மாதிரி."

"அப்படி இல்லம்மா."

"எங்கப்பா முடிக்காம விட்ட சொல்லு அது. இன்னிக்கு நான் முடிக்கிறேன். தம்பின்னு வாய் நிறையச் சொல்லிட்டுத்தான் புரளுவேன். நீங்க கீழ நின்னு கேளுங்க."

அவள் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். உண்மையில் பாதியை மறைத்துச் சொன்னதால், நான்காவது சொல்லை அவளே இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்படி செய்துவிட்டோம் என்று பெரியவருக்குத் தெரிந்தது.

படப்பிடிப்புத் தளத்தில் வெயில் ஏறிவிட்டது. பாய்மரம் வெறும் வானத்தில் நட்டமாக நின்றது. அதன் அடியில் மெத்தைக்குக் காற்று ஊதும் இயந்திரங்கள் இரைந்தன. ஒலிபெருக்கியில் உதவி இயக்குநர் எல்லாரையும் ஒதுங்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பஞ்சு கயிற்றேணியில் பாதிக்கு மேல் போய்விட்டாள். பெரியவர் கூப்பிட்டார், இயந்திர இரைச்சலில் அது எடுபடவில்லை. கேட்டிருந்தாலும் அவள் திரும்பியிருக்க மாட்டாள். அவள் யார் பேச்சுக்காவது நிற்பாள் என்றால் அது அவள் தாயின் பேச்சுக்குத்தான்.

தம்பி மனைவி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் மகளின் செருப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உடைக்கார அம்மா. பெரியவர் நேரே போய் எதிரில் நின்றார்.

"ஏம்மா" என்றார். அத்தனை வருஷத்தில் அவளைப் பார்த்து அவர் சொன்ன முதல் சொல் அது.

அவள் உடைக்கார அம்மாவின் பக்கம் திரும்பினாள். "அவரத் தள்ளி நிக்கச் சொல்லு. எம்பொண்ணு தெரியல."

"என் தம்பி தப்பா எண்ணல."

அவள் கை செருப்பின் மேல் அசையாமல் நின்றது. பிறகு, "யாரு தப்பா எண்ணினதுன்னு கேளு" என்றாள்.

உடைக்கார அம்மாவுக்கு யாரிடம் என்ன கேட்பதென்று தெரியவில்லை. பெரியவர் அதற்காகக் காத்திருக்கவில்லை. "நாங்கதான். அப்பா படத்தப் பாத்து எண்ணினோம். அது மெதுவா ஓடற படம். நாலு சொல்லுங்கறது பொய். மூணாவது சொல்லு முடியும்போது தரை வந்துடும். அவளக் கூப்பிடும்மா. நீ கூப்பிட்டா எறங்கிடுவா."

அவள் எழுந்தாள். கூப்பிடப்போகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். அவள் உதவி இயக்குநரின் கையிலிருந்த மைக்கைச் சுட்டிக்காட்டினாள்.

"அன்னிக்கு இவர் சொன்னது ஊருக்கே கேட்டுச்சு. இன்னிக்கும் கேக்கற மாதிரி இவரையே சொல்லச் சொல்லு."

மேலே பஞ்சு பலகையில் ஏறி நின்று அங்கியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தளத்தில் நூறு பேருக்குக் குறையாது. நேற்றைய பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேரும் நிழலில் நின்றிருந்தார்கள். கேமராவுக்குப் பின்னால் ஒளிப்பதிவாளர் கையைத் தூக்கித் தயார் என்றார். பெரியவர் நடந்து போய் மைக்கை வாங்கிக்கொண்டார். உதவி இயக்குநர் தடுக்கவில்லை. முகத்தைப் பார்த்தவுடன் கொடுத்துவிட்டார்.

"பஞ்சு, குதிக்காதே" என்றார். குரல் தளம் முழுவதும் போய்த் திரும்பி வந்தது. "தாத்தா விழுந்தத கேமராவுல மெதுவாக்கிக் காட்டியிருக்காங்க. அதப் பாத்துத்தான் நாங்க நாலுன்னு எண்ணினோம். அந்த எண்ணிக்கை தப்பு. உங்கப்பா பயப்படல. சொல்ல இழுக்கவும் இல்ல. நாங்க குடுத்ததச் சரியா எண்ணினான். அதனாலதான் செத்தான். எறங்கி வா."

யாரோ காற்று இயந்திரங்களை நிறுத்தினார்கள். மெத்தை பெருமூச்சு விட்டுத் தளரத் தொடங்கியது. அதற்குப் பிறகு அவள் நினைத்தாலும் குதிக்க முடியாது. பலகையின் மேல் அவள் நெடுநேரம் அப்படியே நின்றாள். கீழிருந்து முகம் தெரியவில்லை. பிறகு திரும்பி, அங்கியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, ஏணி வழியாக இறங்கினாள்.

இயக்குநருக்கு அன்றைய காட்சி அன்றே வேண்டும். மத்தியானத்துக்கு மேல் மெத்தையை மறுபடியும் ஊதி, அதே அங்கியை ஒரு பொம்மைக்கு மாட்டி, தலையை மட்டும் கனமாக்கி மேலே ஏற்றினார்கள். குடும்பத்தில் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பஞ்சு மெத்தைக்குப் பக்கத்தில், அன்று பெரியவர் நின்றது போலவே, நின்றாள். பொம்மையைத் தள்ளிவிட்டதும் அவள் உரக்க எண்ணினாள்.

"அப்பா. அம்மா. அண்ணன்."

வாயை மூடுவதற்குள் பொம்மை தலை குத்த வந்து விழுந்தது. கழுத்துப் பக்கம் தையல் விட்டு, உள்ளே திணித்திருந்த பஞ்சு வெளியே வந்தது. இயக்குநர் நன்றாக வந்திருக்கிறது என்றார். இரண்டாவது முறை எடுக்கவில்லை.

அவள் பெரியவரிடம் வந்தாள். "நேத்தே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"காலைல ரூம்ல வச்சு இதச் சொல்லியிருந்தா நான் ஏறியிருக்கவே மாட்டேனே."

"ஆளுங்க இருந்தாங்க" என்றார் பெரியவர்.

"ஒரே ஒரு ஆளு. வாயில குண்டூசி வச்சுக்கிட்டு." அவள் தாயிடம் போனாள். தாய் குனிந்து செருப்பைக் கீழே வைத்தாள். மகள் காலை நுழைத்துக்கொண்டாள். இருவரும் வாசலை நோக்கி நடந்தார்கள்.

பெரியவர் பாய்மரத்தடியில் தம்பி மனைவியின் காலில் விழுந்து கதறினார் என்றும், அவள் மனம் இரங்கி அவரைத் தூக்கி நிறுத்தினாள் என்றும், பிரிந்த குடும்பம் அந்த இடத்திலேயே ஒன்று சேர்ந்தது என்றும் பத்திரிகையில் வந்தது. கண்ணால் பார்த்தது போல அதை இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் யார் காலிலும் விழவில்லை. அவள் யாரையும் தூக்கி நிறுத்தவில்லை.